பச்சைப் புள்ளியும் சோளரொட்டியும்

"ப்யூர் வெஜ் ஹை சார்!"

புனேயில் பொட்டி தட்ட ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. இந்த ஊரில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். சொல்பவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும். எனக்கோ வயிற்றைக் கலக்கும். ஏன்னா நான் கேட்டது "வெஜ்ஜா?" என்று இல்லை. "பால், தயிர், நெய், வெண்ணெய் ஏதாவது இருக்கா?" என்று. இந்த இரண்டு கேள்விக்கும் உள்ள வித்தியாசத்தை, பின்னால் பதினைந்து பேர் தட்டோடு வரிசையில் நிற்கும்போது விளக்கிப் பாருங்கள், அப்புறம் தெரியும் :-)

ஆமாம் மக்களே, நான் வீகன். 1944-ல் இங்கிலாந்தில் உண்டாக்கிய சொல் அது. தமிழில் 'நனிசைவம்' என்று அழகாக ஒரு சொல் இருக்கிறது. கறி, மீன், முட்டை மட்டுமில்லை. பால், தயிர், மோர், நெய், தேன் எதுவும் கிடையாது. 2017-ல் விட்டேன். தங்கமணியும் வாண்டுகள் இரண்டும் அப்படி இல்லை. அவர்கள் தயிர்சாதம் சாப்பிடுவார்கள், பக்கத்திலேயே நான் ரசம் சாதம். வீட்டில் இதனால் ஒரு சண்டையும் வந்ததில்லை. வெளியே போனால்தான் கூத்து. அதிலும் தீம் பார்க் என்றால் கேட்கவே வேண்டாம்.

சாதாரணத் தெருவில் வீகனுக்குச் சாப்பாடு கிடைப்பது பெரிய விஷயமே இல்லை. இந்தக் கடையில் இல்லையா, அடுத்த கடை. அதுவும் இல்லையா, கையில் டிபன் டப்பா. டப்பா மறந்துபோச்சா, பையில் இரண்டு வாழைப்பழம். தீம் பார்க்கில் இந்த மூன்று வழியும் அடைபட்டுவிடும். வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். கைக்குழந்தை சாப்பாடு, மருந்து மாதிரி சிலதைத் தவிர வெளிச்சாப்பாடு உள்ளே போகாது. பெரும்பாலான பூங்காக்களில் இதுதான் விதி. உள்ளே போய்விட்டால் எட்டு மணி நேரம் அவர்கள் கொடுப்பதுதான் சாப்பாடு. அதுவும் பெரிய சமையலறையில் மொத்தமாகச் செய்து கவுண்டருக்கு வருவது. கவுண்டரில் நிற்கும் பையன், பாவம், எங்கிருந்தோ வேலைக்கு வந்தவன். கிரேவியில் என்ன போட்டார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பில்லைப் பார்த்து அள்ளி வைப்பதுதான் அவன் வேலை.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நம்ம ஊர்ச் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 2001-லிருந்து பாக்கெட் உணவில் பச்சைப் புள்ளி போடுகிறோம், இல்லையா? 'அசைவம்' என்பதற்குச் சட்டத்தில் இருக்கும் விளக்கத்தைப் படித்தால் சுவாரசியமாக இருக்கும். விலங்கு, பறவை, மீன், முட்டை, விலங்கிலிருந்து வரும் பொருட்கள் எல்லாம் அசைவம். ஆனால் பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு என்று ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. அதாவது வெண்ணெய் மிதக்கும் தால் மக்கனிக்கும் வெறும் வேகவைத்த கடலைக்கும் ஒரே பச்சைப் புள்ளி. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் வீகனுக்கு என்று தனிச் சின்னம் அறிவித்தது. பச்சைக் கட்டத்துக்குள் ஆங்கில 'வி' எழுத்து, தலையில் ஒரு குட்டி இலை. 2022-ல் தனி விதிமுறையும் வந்துவிட்டது. இப்போது சில பாக்கெட்டுகளில் அந்தச் சின்னத்தைப் பார்க்கிறேன். எந்த ஃபுட் கோர்ட் போர்டிலும் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

சரி, இப்போது என் பூர்வாசிரமத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் பால் காசில் படித்தவன்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமம். மூன்று கறவை மாடு. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, அப்பா சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போய் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வருவார். நான் இன்ஜினியரிங் சேர்ந்தது 1998. உலகத்திலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடாக இந்தியா ஆனதும் அந்தச் சமயத்தில்தான். அந்தச் சாதனையில் எங்கள் வீட்டு 14 லிட்டரும் அடக்கம் :-) இன்றைக்கும் நாம்தான் முதலிடம். 2023-24 கணக்குப்படி கிட்டத்தட்ட 24 கோடி டன். என் செமஸ்டர் ஃபீஸ், ஹாஸ்டல் மெஸ் பில், முதல் இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போன ஷூ, எல்லாமே பால் பணம்.

பிறகு ஏன் பாலை விட்டாய் என்றால், கொசுவத்தியை ரொம்பச் சுற்றாமல் சொல்லிவிடுகிறேன். மாடு பால் கறக்க வேண்டுமானால் கன்று போட வேண்டும். போடுகிற கன்றில் ஏறக்குறையப் பாதி காளைக்கன்று. கிடாரி என்றால் வீட்டில் வளரும். சிந்து மாட்டுக் காளைக்கன்றை வைத்து என்ன செய்வது? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. அதனால் சந்தைக்குப் போகும். சந்தையிலிருந்து எங்கே போகும் என்று வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். நான் பெயர் வைத்துக் கூப்பிட்ட கன்றுகளும் அதில் உண்டு. முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருநாள் அது தொண்டையில் வந்து நின்றுவிட்டது. அவ்வளவுதான். பெரிய தத்துவம் எதுவும் இல்லை, யாருக்கும் பிரச்சாரம் செய்வதும் இல்லை. நான் விட்டுவிட்டது அப்பாவுக்குத் தெரியும். ஏன் என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். வீட்டில் கறக்க ஒருத்தர் இருந்தே ஆகணும். அதனால் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து புனேக்கு வந்ததே இல்லை. ஒரு தடவை அம்மா, ஒரு தடவை அப்பா. 2024 தீபாவளி லீவுக்கு அப்பாவின் முறை. வந்து இறங்கிய மறுநாளே வாண்டுகள் ஆரம்பித்துவிட்டன. "அப்பாரையும் கூட்டிட்டு தீம் பார்க் போகலாம்!"

எந்தப் பூங்கா என்று பெயர் வேண்டாம், மகாராஷ்டிராவில் இருக்கும் பெரிய பூங்கா ஒன்று. அப்பா வெள்ளை வேட்டி, தோளில் துண்டோடு கிளம்பிவிட்டார். தலைகீழாகச் சுழலும் ரோலர் கோஸ்டரை அண்ணாந்து பார்த்தவர், "இப்பிடிக் கத்தறதுக்குக் காசு வேற குடுத்து உள்ள போறாங்களா?" என்றார். தங்கமணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மதியம் ஒரு மணிக்கு வாண்டுகளும் தங்கமணியும் பீட்சா வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் என் வழக்கமான சுற்றுக்குக் கிளம்பினேன். அப்பாவும் கூடவே வந்தார்.

முதலில் சவுத் இந்தியன் கவுண்டர். நம்ம ஆளாச்சே என்று போனால், இட்லி சரி, சாம்பார் சரி. சட்னி? "நாரியல் அவுர் தஹி, சார்." இந்தப் பக்கம் தேங்காய்ச் சட்னியில் தயிர் கலப்பது சகஜம். தோசைக்கல்லில் எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய்க் கட்டியை உருட்டிக்கொண்டிருந்தார்கள். சட்னி இல்லாமல் இட்லி கேட்டேன். இட்லி தீர்ந்துவிட்டது, அரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

அடுத்து பஞ்சாபி கவுண்டர். நானில் மாவு பிசையும்போதே தயிர். ஜீரா ரைஸில் நெய். சன்னா மசாலாவில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்குப் பையன் உள்ளே போய் சூப்பர்வைசரைக் கூட்டி வந்தான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஜெயின் ஹை க்யா?"

இதுதான் மேட்டர். ஜெயின் சாப்பாடு என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கிடையாது. அதற்குத் தனி மெனுவே உண்டு. ஆனால் அதில் பாலும் பனீரும் தாராளமாக இருக்கும். நான் நேர் எதிர். வெங்காயம் பூண்டு எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், வெண்ணெயை மட்டும் விட்டுவிடுங்கள் என்றால் அவருக்கு நான் எந்த மதம் என்றே புரியவில்லை. "சார், கடைசியில் மேலே கொஞ்சம் பட்டர் ஊற்றுவோம், அவ்வளவுதான். ப்யூர் வெஜ்!" என்றார்.

சைனீஸ் கவுண்டரில் ஹக்கா நூடுல்ஸ். என் கடைசி ஆயுதம். அன்றைக்கு அதே வாணலியில் முட்டை நூடுல்ஸைக் கிண்டிவிட்டுக் கழுவாமல் அடுத்ததைப் போட்டார்கள். பாப்கார்ன், கப்பில் மக்காச்சோளம் இரண்டிலும் வெண்ணெய். கடைசியில் ஒரு உருளைக்கிழங்கு ஃப்ரைஸும் லெமன் சோடாவும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். எந்தத் தீம் பார்க் போனாலும் என் மதியச் சாப்பாடு இதில்தான் முடியும். பட்டினி ஒன்றும் இல்லை. ஆனால் எல்லோரும் தட்டில் சாப்பாடு வைத்துச் சாப்பிடும்போது, வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரிதான் இருக்கும்.

அப்பா எல்லாக் கவுண்டரிலும் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஹிந்தி தெரியாது, ஆனால் 'தூத்' என்றால் என்ன என்று அவருக்கு இதற்குள் புரிந்திருக்கும். முப்பது வருஷம் சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர், மகன் கடை கடையாகப் போய்ப் பால் இருக்கா என்று விசாரித்து, இருக்கு என்றதும் திரும்பி வருவதைப் பார்க்கிறார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

"நீ இங்கயே உக்காரு கண்ணு. நான் அம்மிணியக் கூட்டிட்டுப் போயி மூஞ்சி கழுவிட்டு வர்றேன்" என்று பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனார். பத்து நிமிஷம் ஆச்சு, இருபது நிமிஷம் ஆச்சு, ஆளைக் காணோம். நான் தேடக் கிளம்பும்போது மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, வாங்க! அப்பாரு உங்களுக்குச் சாப்பாடு கண்டுபுடிச்சிட்டாரு!"

நடந்தது இதுதான். கழிவறைக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் துப்புரவு வேலை செய்யும் அம்மாக்கள் நாலைந்து பேர் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா நின்று பார்த்திருக்கிறார். கையால் தட்டிய ரொட்டி. "சோளமாட்ட இருக்குதே" என்று பேத்தியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு மராத்தி தண்ணி பட்ட பாடு. "ஜ்வாரி பாக்ரி" என்று சொல்லி, பெரியவருக்குப் பசி போல என்று நினைத்து ஒரு ரொட்டியை நீட்டவும் செய்திருக்கிறார்கள். எங்கே கிடைக்கும் என்று இவள் கேட்க, லாக்கர் அறையைத் தாண்டி ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கவுண்டரைக் காட்டியிருக்கிறார்கள். டிரைவர்களும் வேலை செய்பவர்களும் சாப்பிடும் இடம். மேப்பிலும் அது இருந்தது, ஆனால் பீட்சா படத்துக்கு நடுவில் யார் கண்ணில் படும்?

ஜுண்கா பாக்ர். மகாராஷ்டிராவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சோள மாவைச் சுடுதண்ணீரில் பிசைந்து கையால் தட்டிச் சுடுவது பாக்ரி. எண்ணெய்கூடக் கிடையாது. கடலை மாவை வெங்காயம், கடுகு, மிளகாய் எல்லாம் தாளித்துக் கெட்டியாகக் கிண்டினால் ஜுண்கா. கூடவே பச்சைமிளகாயும் பூண்டும் இடித்த டேச்சா, ஒரு பச்சை வெங்காயம். தலையிலிருந்து வால் வரை வீகன். ஆனால் யாரும் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை. 1995-ல் அப்போதைய மாநில அரசு ஒரு ரூபாய்க்கு ஜுண்கா பாக்ர் விற்கும் திட்டத்தையே கொண்டுவந்தது. உழைக்கிற மக்களின் சாப்பாடு. நெய்யும் வெண்ணெயும் வாங்க வசதி இல்லாதவர்களின் சாப்பாட்டில் நெய்யும் வெண்ணெயும் இருக்காது. இவ்வளவு சின்னக் கணக்குதான்.

அப்பாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். கூட வந்த மோரை அவர் வாங்கிக்கொண்டார், என் பங்கையும் சேர்த்து. "நாங்க சின்னதா இருக்கையில சோளச்சோறுதான். நெல்லுச்சோறு ஒறம்பரை வந்தா, நோம்பி நொடின்னாத்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது வந்தது.

"ஏங்கண்ணு, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காத. பால் வேண்டாம்னு விட்டுட்டியே, அது நாங்க பண்ணுன தொழிலு மேல இருக்கற வெறுப்பா?"

ஏழு வருஷமாக அவர் கேட்காத கேள்வி. தீம் பார்க்கில், பக்கத்தில் லாக்கர் சாவிக்கு நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்கிறார்.

"இல்லீங்ப்பா. அந்தத் தொழில்லதான நான் படிச்சேன். வெறுப்பெல்லாம் ஒண்ணுமில்லீங். அந்தக் காளைக்கன்னுங்கதான்..." அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

அப்பா ரொட்டியைப் பிய்த்தபடியே இருந்தார். "கன்னப் புடிச்சிட்டுப் போற அன்னிக்கு உங்கம்மா வாசப்பக்கமே வரமாட்டா. மாடு ரெண்டு மூணு நாளைக்குக் கத்தும். எங்களுக்கு மட்டும் என்ன, நல்லாவா இருந்துச்சு?"

"தெரியுங்ப்பா."

"உம்பட படிப்புக்கு அப்ப வேற வழி இல்ல."

"அதுவும் தெரியுங்."

அவ்வளவுதான் பேச்சு. இன்னும் ஒரு பாக்ரி வாங்கி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். ஊரில் மாடு இன்னும் இருக்கிறது, இப்போது ஒன்றுதான். அப்பா சொசைட்டிக்கு ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறார். நான் ஊருக்குப் போனால் அம்மா கேட்காமலே எனக்கு வரக்காப்பி வைத்துவிடுகிறார். அவர் சொல்லித்தான் இருக்கும்.

இனி தீம் பார்க் போகிற வீகன் மக்களுக்கு, அனுபவத்தில் கற்ற சில விஷயங்கள்:

1. "வெஜ்ஜா?", "வீகனா?" இரண்டும் உதவாத கேள்விகள். ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: "தூத், தஹி, கீ, மக்கன், பனீர், மலாய் - இஸ்மே குச் ஹை க்யா?" தூத் இல்லை என்று மட்டும் சொன்னால் நெய் வந்து நிற்கும். நெய்யும் பால்தான் என்று பலருக்கு உறைப்பதில்லை.

2. பத்துக்கு மேல் கிளை உள்ள செயின் கடைகள் மெனுவோடு ஒவ்வாமைத் தகவலும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பாலும் அந்தப் பட்டியலில் உண்டு. "அலர்ஜன் சார்ட் இருக்கா?" என்று கேளுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் பர்கர், பீட்சா கடைகளில் இது கைகொடுக்கும். ஆனால் நிஜமாகவே பால் அலர்ஜி இருப்பவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே கல், ஒரே கரண்டி என்பதையும் கேளுங்கள்.

3. பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாமல், பொருட்கள் பட்டியலுக்குக் கீழே 'கன்டெய்ன்ஸ்' என்று வரும் வரியைப் படியுங்கள். பிஸ்கட், மசாலா சிப்ஸில்கூடப் பால் பவுடர் ஒளிந்திருக்கும்.

4. ஓரளவு நம்பலாம் என்பவை: வடா பாவ் (பாவை வெண்ணெயில் வாட்டாமல்), தயிர் ஊற்றாத பேல்பூரி, பானிபூரி, போஹா, வெறும் உப்பு போட்ட ஃப்ரைஸ், வெண்ணெய் தடவாத தந்தூரி ரொட்டி, கரும்புச்சாறு, இளநீர், ஐஸ் கோலா. மக்காச்சோளக் கப்பில் வெண்ணெய் விழுவதற்கு முன்னால் கத்திவிடுங்கள்.

5. போவதற்கு இரண்டு நாள் முன்னால் பூங்காவுக்குப் போன் செய்து கேளுங்கள். சில இடங்களில் கையில் முத்திரை குத்தி வெளியே போய்வர விடுவார்கள். அப்படியானால் காரில் புளிசாதம் :-)

6. எதுவும் கிடைக்கவில்லையா? அங்கே வேலை செய்பவர்கள் எங்கே, என்ன சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். இது அப்பா சொல்லிக்கொடுத்தது.

முக்கியமான கடைசி விஷயம்: இரண்டு பாக்ரியும் டேச்சாவும் உள்ளே போனபின் ஒரு மணி நேரத்துக்கு ரோலர் கோஸ்டர் பக்கம் போகாதீர்கள். நான் போகவில்லை. மகளின் கட்டாயத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா போனார். இறங்கி வந்தவர் ரொம்ப நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காசு கொடுத்து உள்ளே போவதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.